ஓரமில்லாத சாலையில் ஒரு நாயின் ஓட்டம்

எப்போதும் கட்டிப்போட்டே வளர்க்கும் நாய்க்கு உரிய நடையோ ஓட்டமோ தராமல் இருப்பது இந்தியாவில் குற்றம். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் தன் 11ஆம் பிரிவில் அடிப்பது, உதைப்பது, மிதமிஞ்சிப் பாரம் ஏற்றுவது, மிதமிஞ்சி ஓட்டுவது என்று கொடுமைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, இதையும் அவற்றோடு சேர்க்கிறது. அதற்கு முந்தைய உட்பிரிவு, மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதைக் குற்றமாக்குகிறது. இந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் நம்மூர்க்காரர். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் ஐம்பதுகளின் தொடக்கத்தில் தனிநபர் மசோதாவாக இதைக் கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு வாக்களித்ததால் அதைத் திரும்பப் பெற்றார். சட்டம் வந்தது. 1962இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவர்தான். கலாக்ஷேத்திராவை நினைக்கும்போது அவரை நினைக்கிறோம். வாசல் கேட்டில் சங்கிலியைப் பல்லால் கடித்தபடி நிற்கும் நாயைப் பார்க்கும்போதும் அவரை நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சட்டம் நாயை ஓடவிடச் சொல்கிறது. எங்கே என்று அது சொல்லவில்லை. 1960இல் அந்தக் கேள்விக்கு அவசியம் இருந்திருக்காது. தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டில் இன்று அந்தக் கேள்விதான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கிறது.

இந்தப் பக்கத்தில் நாய் இல்லாத தோட்டம் குறைவு. மாந்தோப்புக்குக் காவல், தக்காளிக் காட்டுக்குக் காவல், ஆட்டுப்பட்டிக்குக் காவல். அவை பெரும்பாலும் அவிழ்த்துவிட்ட நாய்கள். தமக்கு வேண்டிய ஓட்டத்தைத் தாமே தேடிக்கொள்ளும். ஊருக்குள் வளர்பவை வேறு. வீட்டு மனையின் நான்கு சுவருக்குள், மாடிப்படியின் கீழ், கம்பிக்கதவை ஒட்டி அவற்றின் வாழ்க்கை. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னார். அந்தப் பெயர்களுக்கு ஏற்கெனவே இருந்த பெருமை அதன் பிறகு இன்னும் கூடியது. கரிசல் பூமியின் திறந்த வெளியில் முயலைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்ட உடம்பு, பத்துக்குப் பத்து வாசலில் வந்து நிற்கிறது. அதை அப்படியே நிற்கவிட மனம் வராதவர்கள் சிலர் உண்டு. விடியும் முன்னே எழுந்து, பிளஸ் ஒன் படித்தபோது அரசு கொடுத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு, கயிற்றைக் கையில் பிடித்து, நாயைப் பக்கத்தில் ஓடவிட்டுக் கூட்டிப்போகிறார்கள். அவர்கள்மீது எனக்கு மதிப்பு உண்டு. சட்டம் கேட்டதைச் செய்கிறவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கும் அந்த நாய்களுக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதே இதை எழுதக் காரணம்.

அவர்கள் போகும் சாலை எது என்று பார்ப்போம். அதியமான்கோட்டையில் பிரிந்து, பாலக்கோடு, மாரண்டஅள்ளி, இராயக்கோட்டை வழியாக ஓசூர் போய், அங்கிருந்து கர்நாடகத்துக்குள் நுழையும் சாலைக்கு இன்று தேசிய நெடுஞ்சாலை 844 என்று பெயர். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி அக்ரஹாரத்திலிருந்து ஜிட்டாண்டஅள்ளி வரை ஒரு பகுதி, அங்கிருந்து தர்மபுரி வரை இன்னொரு பகுதி என்று பிரித்து, அதை நான்கு வழிச் சாலையாக்கும் வேலையை எடுத்தார்கள். பெங்களூருக்கும் சேலத்துக்கும் கிருஷ்ணகிரி போகாமலே ஒரு வழி. வணிகத்துக்கு நல்லது, மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் பாலக்கோட்டின் நாள் விடியும் விதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தக்காளி மார்க்கெட்டுக்குக் கூடைகளோடு வரும் வண்டிகளும், மார்க்கெட்டிலிருந்து வெளியூருக்குக் கிளம்பும் லாரிகளும் காலையில்தான் நெரிகின்றன. அரவைக் காலத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலையை நோக்கிக் கரும்பு டிராக்டர்கள் வரும். பின்விளக்கு இல்லாமல், இரண்டு பக்கமும் சோகை தொங்க, சாலையின் அகலத்தில் பாதியை எடுத்துக்கொண்டு போகும். நாய்க்கு ஓடத்தக்க நேரம் வெயில் ஏறும் முன்னும் வெயில் இறங்கிய பின்னும்தான். அந்த இரண்டு நேரத்தையும் சரக்கு வண்டிகளும் தமக்கென எடுத்துக்கொண்டுவிட்டன. குளிர்ந்த தார் வேண்டுமென்றால் நெரிசல் இருக்கும், காலியான சாலை வேண்டுமென்றால் தார் கொதிக்கும்.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக ஒன்றியப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குச் சொன்னது. நடந்து போனவர்கள் அதில் 32,825 பேர். சைக்கிளில் போனவர்கள் 4,836 பேர். சாலையில் இறக்கும் நாய்களுக்கு இப்படி ஒரு கணக்கு அதில் இல்லை. தொப்பூர்க் கணவாயை வைத்துக்கொண்டிருக்கும் மாவட்டத்துக்காரர்களுக்குச் சாலையின் கொடுமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கணவாயில் நடப்பது செய்தியாகிறது. ஊர்ச் சாலையின் ஓரத்தில் ஒரு சைக்கிள் சரிந்து கிடப்பது செய்தியாவதில்லை.

ஓரம் என்றேன். எல்லாச் சாலைக்கும் முன்பு ஓரம் இருந்தது. தாருக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஆறேழு அடி மண். புளியமர நிழல் விழும் மண். ஆடு, மாடு, தலையில் புல்கட்டு வைத்த பெண், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எல்லாரும் அதில்தான் போனார்கள். நாய் கால் வைக்க அதைவிட நல்ல தரை கிடையாது. சாலையை அகலப்படுத்தும்போது முதலில் மறைவது அந்த மண்தான். அகலப்படுத்தாத சாலைகளிலும் அதற்கு வேறு விதமாகக் கேடு வருகிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு, சாலை உயர்ந்துகொண்டே போகிறது. தாரின் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவில் அரையடி இறக்கம் விழுந்துவிட்ட இடங்களை இந்தத் தாலுகாவின் எந்தக் கிராமச் சாலையிலும் காணலாம். நடப்பவருக்கு அது ஒரு சின்னப் படி. சைக்கிளில் நாயோடு போகிறவருக்கு அதுதான் வழியின் மிக மோசமான இடம். நாய்க்கு மண்தான் பிடிக்கும். மோப்பம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. அது மண்ணுக்கு இறங்கினால் கயிறும் அதோடு போகும். முன் சக்கரம் விளிம்பில் சறுக்கும்.

இப்படி ஒருவர் போவதைப் பார்த்ததும், டீக்கடையில் நிற்கும் பெரியவர் யாராவது, "தம்பி, நாய உள்பக்கம் புடிச்சுக்கோ" என்று குரல் கொடுப்பார். அவர் எந்தக் கையேட்டையும் படித்ததில்லை. சொல்வது சரியான விதி. நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் போகின்றன. எனவே நாய் சைக்கிளுக்கு இடப்பக்கம், வண்டிகளுக்கும் நாய்க்கும் நடுவில் மனிதன். வலப்பக்கம் வண்டி போகும் ஜெர்மனியில், நாயைச் சைக்கிளோடு ஓடவிட்டுத் தாங்குதிறன் பார்க்கும் சோதனையில் நாய் வலப்பக்கம் ஓட வேண்டும். காரணம் ஒன்றே.

உள்பக்கம் பிடித்தால் மட்டும் போதாது. கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்பதில்தான் முக்கால்வாசி ஆபத்தும் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் கயிற்றை இடது கையில் சுற்றிக்கொண்டு அதே கையால் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறார்கள். சிலர் ஹேண்டில்பாரிலேயே முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள், முன்கூடையில் கட்டுகிறவர்களும் உண்டு. மூன்றும் ஒன்றுதான். ஓடிக்கொண்டிருக்கும் நாய் எதையோ முகர்ந்து சட்டென்று நிற்கிறது என்று வையுங்கள். ஹேண்டில்பாரின் இடது நுனி பின்னுக்கு இழுபடும். முன் சக்கரம் இடப்பக்கம் வெட்டித் திரும்பும். சக்கரம் இடப்பக்கம் போன அந்தக் கணத்தில், மேலே உட்கார்ந்திருக்கும் உடம்பு வலப்பக்கம் சாயும். சைக்கிள் ஓட்டத் தெரிந்த எல்லாருடைய உடம்பும் அறிந்த சங்கதி இது. திருப்பத்துக்கு எதிர்ப்பக்கம்தான் எடை தூக்கி எறியப்படும். ஆக, இடப்பக்கம் இருக்கும் நாய் இழுத்தால் மனிதன் விழுவது வலப்பக்கம், லாரி வருகிற பக்கம். பாதுகாப்புக்காக நாயை உள்பக்கம் வைத்தவர், கயிற்றைத் தவறான இடத்தில் கட்டியதால் தன்னை வெளிப்பக்கம் தள்ளிக்கொள்கிறார். இன்னொன்றும் உண்டு. இடது கை பின் பிரேக்குக்கு உரியது. அந்தக் கையைக் கயிற்றுக்குக் கொடுத்துவிட்டால், அவசரத்தில் மிஞ்சுவது முன் பிரேக் மட்டும். அதைத் தனியாக அழுத்தினால் என்ன ஆகும் என்று பிள்ளைப் பருவத்தில் முட்டி பெயர்ந்தவர்களுக்குத் தெரியும்.

மேல்நாடுகளில் இதற்கென்றே கருவிகள் செய்கிறார்கள். நார்வேயில் உருவான ஸ்பிரிங்கர் என்னும் கருவி அவற்றில் பழையது. சீட்டுக்குக் கீழே, கூடிய மட்டும் தாழ்வாக, ஒரு கம்பியைப் பொருத்தி, அதில் கனமான சுருள்வில் ஒன்றை வைத்து, கயிறு அதிலிருந்து போகும்படி செய்திருக்கிறார்கள். இழுப்பு தாழ்வான இடத்தில், வண்டியின் எடை குவியும் இடத்துக்குப் பக்கத்தில் விழுவதால், ஹேண்டில்பார் அசைவதில்லை. வெடுக்கென்ற இழுப்பில் பெரும்பங்கை வில் உறிஞ்சிக்கொள்கிறது. கைகள் இரண்டும் பிரேக்கில் இருக்கின்றன. இது தர்மபுரிக் கடைகளில் கிடைக்காவிட்டாலும் இதன் அறிவு யாருக்கும் கிடைக்கும். கயிற்றை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துச் சீட்டுத் தண்டின் அடியில் கொண்டுவரலாம். நாய் முன் சக்கரத்தை எட்ட முடியாத அளவுக்கும், பின் சக்கரத்தின் கம்பிகளுக்குள் கயிறு போகாத அளவுக்கும் நீளத்தைக் குறைக்கலாம். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்பைச் சுற்றும் பட்டை போடலாம். இறுக்குச் சங்கிலி வேண்டவே வேண்டாம். ஒரு வண்டி விழும் எடை முழுவதும் ஒரு கழுத்தில் போய் முடியும். மணிக்கட்டில் சுற்றுவதும் கூடாது. கயிறு ஒரு கணத்தில் விட்டுப்போக வேண்டிய தருணம் வந்தே தீரும்.

இவ்வளவும் கைவினை சார்ந்த விஷயம், கற்றுக்கொண்டுவிடலாம். கற்றுக்கொள்ளச் சிரமமானது வேறு ஒன்று. அதைச் சொல்ல நம் பக்கத்து மாவட்டத்தின் ஒரு கல்லிடம் போக வேண்டும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் பக்கத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவனின் காலம். ஆநிரை மீட்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். அவனோடு அவனுடைய நாயும் அதில் இருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையே பொறித்திருக்கிறார்கள். கள்வர் இருவரைக் கடித்து, விட்டுப்போகாமல் காவல் நின்றதாக எழுத்து சொல்கிறது. தகடூர் நாட்டிலும் செங்கத்திலும் மண்ணுக்குள்ளிருந்து நடுகற்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் இந்தக் கல்லின் முன்னால் என் மனம் மற்ற எதிலும் நிற்காத அளவுக்கு நிற்கும். அரசர்களுக்கே கல்லெழுத்து அரிதாக இருந்த காலத்தில் ஒரு நாயின் பெயரை யாரோ மறக்க விடவில்லை.

கோவிவனிடம் அவர்கள் போற்றியது விட்டுப்போகாமையை. நாயிடம் நாம் அன்றும் இன்றும் விரும்புவது அதைத்தான். அந்தக் குணம்தான் தார்ச் சாலையில் அதற்கு எதிரியாகிறது. முடியாது என்று நாய் சொல்லாது. களைத்த மாடு படுத்துக்கொள்ளும், கழுதை நின்றுவிடும். தன் மனிதன் முன்னால் போய்க்கொண்டிருக்கும்வரை நாய் பின்னாலேயே ஓடும். நாக்கு அகன்று தொங்கும், இரைப்பு மாறும், பின்னங்கால் தடுமாறும், அப்போதும் ஓடும். கயிறு கட்டியிருந்தால் அந்தத் தயக்கம்கூட நமக்குத் தெரியாமல் போகும். அவிழ்த்துவிட்ட நாய் பின்தங்கினால் திரும்பிப் பார்ப்போம். கட்டிய நாய் பின்தங்க முடியாது. அது இழுபட்டுக்கொண்டு வருவதை நாம் ஓட்டம் என்று எண்ணிக்கொள்வோம். ஆகவே, கயிறு எப்போதும் தளர்ந்து தொங்க வேண்டும். அது விறைத்தால், நாய் முன்னால் இழுத்து விறைத்ததா, பின்னால் இழுபட்டு விறைத்ததா என்று அந்தக் கணமே பார்க்க வேண்டும். இரண்டாவது என்றால் அன்றைய ஓட்டம் முடிந்தது.

நாயின் நடைகளில் துள்ளோட்டம் என்று ஒன்று உண்டு. ஒரு முன்னங்காலும் அதற்கு எதிர்மூலைப் பின்னங்காலும் சேர்ந்து விழும் சீரான ஓட்டம். நெடுநேரம் தாங்கக்கூடியது அதுதான். சைக்கிள் அந்த வேகத்தில் போக வேண்டும். நான்கு கால் பாய்ச்சல் நெடுந்தூரத்துக்கு உரியது அல்ல. மேலே சொன்ன ஜெர்மானியச் சோதனை மேய்ப்பு நாய்களுக்காக வந்தது. 20 கிலோமீட்டர் தூரம், மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் வேகம், நடுநடுவே கட்டாய ஓய்வு, ஓய்வில் காலடியைப் பார்த்துச் சோதித்தல். பதினாறு மாதம் நிறையாத நாயைச் சேர்ப்பதில்லை. எலும்பின் வளர்ச்சித் தகடுகள் மூடுவதற்குப் பெரிய உடம்புள்ள நாய்களுக்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரை ஆகும். அதற்குள் கடினத் தரையில் நெடுந்தூரம் ஓடினால் மூட்டு கெடும். இங்கேயோ ஆறு மாதக் குட்டியைப் 'பழக்குகிறேன்' என்று சாலைக்குக் கொண்டுவருகிறார்கள்.

சிப்பிப்பாறை, கன்னி வகை நாய்களைப் பற்றி ஒரு தப்பெண்ணம் ஆழமாக இருக்கிறது. ஓட்டக்கார நாய், எவ்வளவு தூரமும் ஓடும் என்று. அவை கண்ணால் கண்டு துரத்தும் நாய்கள். ஒரு பாய்ச்சலில் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும் உடல் அமைப்பு. சில நூறு மீட்டரை மின்னல்போல் கடந்து, முயல் தப்பினால் தப்பட்டும் என்று நிற்பதற்காக அமைந்த தசை. மெல்லிய தோல், கொழுப்பில்லாத உடம்பு. கொதிக்கும் சாலையில் ஒரு மணி நேரம் ஒரே சீராக ஓடுவது அவற்றின் வேலை இல்லை. அந்த நாய்க்கு வேண்டியது, நான்கு பக்கமும் அடைத்த ஒரு வெற்று நிலம், கயிறில்லாத பத்து நிமிடம். அறுவடை முடிந்த காட்டை அதற்குத் தருகிற நண்பர் ஒருவர் இருந்தால் சைக்கிளே வேண்டாம். முயல் வேட்டைக்குத் தயார்செய்யவே இப்படி ஓட்டுகிறவர்களும் உண்டு. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்பதை நேராகச் சொல்லிவிட வேண்டும்.

வெயிலைப் பற்றி. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. உள்ளங்கால் மெத்தையில் கொஞ்சம் ஈரம் கசியும். மற்றபடி சூட்டை வெளியேற்ற இரைப்பு ஒன்றே வழி. அதன் இயல்பான சூடே 38, 39 டிகிரி. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. சித்திரை, வைகாசியில் நம் ஊர்த் தார் நடுப்பகலில் 50 டிகிரியை எளிதாகத் தாண்டும். சைக்கிளில் இருப்பவருக்கு முகத்தில் காற்று அடிக்கிறது, காலில் செருப்பு இருக்கிறது. நாயின் வயிறோ தாருக்கு ஒரு முழ உயரத்தில் இருக்கிறது. புறங்கையைத் தாரில் வைத்து ஏழெட்டு விநாடி எடுக்காமல் இருக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். முடியாவிட்டால் நாயை வெளியே எடுக்க வேண்டாம். தடுமாறி விழுந்த நாயைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன்னால், வயிற்றிலும் தொடையிடுக்கிலும் காலிலும் தண்ணீரை ஊற்றி நனைக்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் பயணம். களியோ சோறோ வயிறு முட்டத் தின்ற நாயை உடனே ஓடவிடுவதும் கூடாது. நெஞ்சுக்கூடு ஆழமான இந்த வகை நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொண்டு சில மணி நேரத்தில் உயிர் போகலாம்.

இப்போது நான் அதிகம் கவலைப்படுவது சைக்கிளைப் பற்றி அல்ல. சைக்கிள் குறைந்து வருகிறது. அதன் இடத்தில் எக்ஸ்எல் வந்துவிட்டது, பைக் வந்துவிட்டது. இதே சாலையின் ஓசூர் முனையில் 1980இல் பிறந்த டிவிஎஸ் 50இன் வாரிசுகள், உர மூட்டையும் பால் கேனும் சுமந்து இந்த மாவட்டத்தின் விவசாயத்தைத் தாங்குகின்றன. அந்த வண்டியை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதன் பக்கத்தில் ஒரு நாயைக் கட்டும்போது ஒன்று மாறிவிடுகிறது. சைக்கிளில் போகிறவனுக்கும் இரைக்கும். மேட்டில் அவனும் மெதுவாவான், தாகம் அவனுக்கும் எடுக்கும். நாயின் உடம்பு படுவதில் ஒரு பங்கை அவன் உடம்பும் படுகிறது. அந்தப் பங்குதான் அவனை நிறுத்துகிறது. கைப்பிடியைத் திருகினால் போகும் வண்டியில் அந்தப் பங்கு இல்லை. முப்பதிலும் நாற்பதிலும் போவது மேலே இருப்பவருக்கு ஓய்வுபோலத்தான் இருக்கும். இரண்டு உயிர்களில் ஒன்று மட்டும் உழைக்கும்போது, எவ்வளவு போதும் என்று தெரிய வழியே இல்லை.

ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து விதிகளில் 28ஆம் பிரிவு இதை இரண்டு சிறு வாக்கியங்களில் முடிக்கிறது. மோட்டார் வண்டியிலிருந்து எந்த விலங்கையும் கயிறு பிடித்து ஓட்டிச் செல்லக் கூடாது. சைக்கிளிலிருந்து நாயை மட்டும் ஓட்டிச் செல்லலாம். இத்தாலி இன்னும் கடுமை. அங்கே சைக்கிளில் போகிறவர் எந்த விலங்கையும் ஓட்டிச் செல்லத் தடை. எனக்கு ஜெர்மன் விதியே நியாயமாகப் படுகிறது. நாயின் ஓட்டத்தைத் தடுக்காமல், அதைத் தன் வேகத்துக்கு இழுக்கக்கூடிய இயந்திரத்தை மட்டும் விலக்குகிறது.

இங்கே இன்னொரு சிக்கல் உண்டு, ஜெர்மனியின் சாலையில் இல்லாதது. தெருநாய்கள். ஒவ்வொரு தெருமுனையும் ஒரு கூட்டத்தின் எல்லை. கயிற்றில் ஓடிவரும் அந்நிய நாயை அவை சும்மா விடுவதில்லை. கட்டிய நாயால் ஓடித் தப்பவும் முடியாது, நின்று சண்டை போடவும் முடியாது. சைக்கிளை வேகமாக மிதித்தால் துரத்தல் கூடும். இறங்கி நின்று, சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி, நாயை மறுபக்கம் வைத்துக்கொண்டு மெல்ல நடந்து கடப்பதே வழி. தெருநாய்களின் வழக்கு 2025இல் உச்சநீதிமன்றம்வரை போய், ஆகஸ்டில் ஓர் உத்தரவும் பதினொரே நாளில் அதன் திருத்தமும் வந்தன. நாட்டையே இரண்டாகப் பிரித்த விவாதம் அது. இங்கே அதற்குள் போக விரும்பவில்லை. வீட்டு நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி தவறாமல் போட்டிருக்க வேண்டும். கடிபட்டால் காயத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த இரண்டையும் மட்டும் சொல்லி நகர்கிறேன்.

நெடுஞ்சாலை வேண்டாம், தெருவும் சரியில்லை என்றால் காட்டோரமாகப் போகலாமே என்று தோன்றும். பாலக்கோடு வனச்சரகத்தை அறிந்தவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். மாரண்டஅள்ளிக்கும் பஞ்சப்பள்ளிக்கும் அந்தப் பக்கமெல்லாம் யானை வரும் வழி. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே, காட்டுப்பன்றிக்கென்று சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. அதே கம்பி ஒரு நாயையும் அதன் கயிற்றைப் பிடித்திருப்பவரையும் கொல்லும். யானையைப் பார்த்த நாய் குரைக்கும். யானை திரும்பினால் அது ஓடிவந்து ஒளிவது தன் மனிதனின் காலுக்குப் பின்னால். காட்டோர ஊர்களில் விறகுக்குப் போகிறவர்கள் நாயை வீட்டில் விட்டுப் போவதற்கு இந்த அனுபவமே காரணம்.

மிஞ்சுவது ஏரிக்கரை, வாய்க்கால் ஓரத்து வண்டிப்பாதை, தோட்டங்களுக்கு நடுவில் போகும் மண் ரோடு. பாலக்கோட்டைச் சுற்றி இவை இன்னும் இருக்கின்றன. மண் காலைச் சுடுவதில்லை, லாரி வருவதில்லை, விழுந்தாலும் தாரில் விழுவதுபோல் இல்லை. அங்கேவரை நாயை நடத்தியே கூட்டிப்போய், அங்கே சைக்கிளில் ஏறி, திரும்பும்போது மறுபடி இறங்கி நடந்தால் ஆபத்தில் பெரும்பகுதி குறைந்துவிடும். இருட்டோடு கிளம்புகிறவர்கள், கறுப்பு உடம்புள்ள கன்னி நாய் விளக்கு வெளிச்சத்தில்கூடத் தெரியாது என்பதை நினைவில் வைத்து, அதன் மார்புப் பட்டையில் ஒளி தெறிக்கும் பட்டி ஒன்றைத் தைத்துவிட வேண்டும்.

அரசிடம் கேட்க எனக்கு மூன்று இருக்கின்றன. நெடுஞ்சாலை அகலமாகிவிட்டது, ஆகட்டும். கிராமச் சாலைகளைப் புதுப்பிக்கும்போது பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போட்டு, இரண்டு பக்கமும் மண்ணைச் சமமாக நிரப்பி, அந்த மண்ணை மண்ணாகவே விட்டுவைக்க வேண்டும். அது நாய்க்கு மட்டுமல்ல, பள்ளிப் பிள்ளைக்கும் ஆட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான். அடுத்து, மோட்டார் வண்டியில் இருந்துகொண்டு எந்த விலங்கையும் கயிறு கட்டி ஓட்டக் கூடாது என்ற ஒரு வரியை நம் சாலை விதிகளில் எழுத வேண்டும். ரேக்ளா மாட்டைப் பழக்குகிறவர்களுக்கும் அது பொருந்தட்டும். மூன்றாவது அபராதம். விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவை முதல் முறை மீறுகிறவருக்கு வைத்த தண்டம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய்வரை. இன்றும் அதுதான். அதை உயர்த்த 2022 நவம்பரில் ஒன்றிய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது. அந்த வரைவை நாடாளுமன்றத்தில் வைத்து நிறைவேற்ற வேண்டும்.